கேட்டு ஊற்றிய தண்ணீர்

சியாங் மாய் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு அம்மாள் எதிரில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். பூப்போட்ட சட்டை, கையில் வெள்ளிக் கிண்ணம், அதில் மல்லிகை மிதக்கும் தண்ணீர். லேசாகத் தலை தாழ்த்தி, "கொ அனுயாத் கா" என்றார். எனக்குப் புரியவில்லை. என் தோளைச் சுட்டிக் காட்டிவிட்டுக் காத்திருந்தார். நான் தலையசைத்த பிறகுதான் கிண்ணத்தைச் சாய்த்தார். ஒரு கை அள்ளும் அளவுத் தண்ணீர் தோளில் விழுந்து முதுகோடு இறங்கியது. இரவெல்லாம் ரயிலில் வந்த உடம்புக்கு இதமாக இருந்தது.

நூறு அடி போயிருக்க மாட்டோம். பிளாஸ்டிக் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கியிருந்த பத்து வயதுப் பையன் ஒரு வாளி ஐஸ் தண்ணீரை என் முகத்திலேயே வீசினான். மூச்சு ஒரு நொடி நின்று வந்தது. கூட வந்த அக்கா மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. இந்தப் பயணத்துக்கு என்னைக் கிளப்பியதே அவன்தான்.

2024 ஏப்ரல் 13, காலை. அந்தக் கிண்ணம், இந்த வாளி, இரண்டுமே சொங்க்ரான்தான். எது எங்கே, யார் மேல், எந்த நேரத்தில் என்பதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் ஒரு தப்பும் நடந்துவிட்டது.

சொங்க்ரான் என்பது வேறொன்றும் இல்லை, சங்கராந்தி. சூரியன் மேஷத்தில் நுழையும் நாள். நாம் சித்திரை ஒன்று என்று கொண்டாடுகிறோமே அதே கணக்கு. அந்த ஆண்டு இங்கே குரோதி பிறந்தபோது அங்கே ஊரே நனைந்துகொண்டிருந்தது. தாய்லாந்து 1941 முதல் ஜனவரி முதல் தேதியை அரசுப் புத்தாண்டாக வைத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவது ஏப்ரலில்தான். எங்கள் ரயிலில் ஒரு படுக்கை காலியில்லை. நான் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்ததால் இடம் கிடைத்தது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தப் பண்டிகையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதன் பிறகு வந்த முதல் சொங்க்ரான் என்பதால் எங்கு பார்த்தாலும் பேனர்.

அரசு நாட்காட்டியில் ஏப்ரல் 13 முதியோர் நாள், 14 குடும்ப நாள். வாளிக்கென்று தனி நாள் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் ஊரே ஒரு நீச்சல் குளம் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏறினோம்.

எங்கள் விடுதி பழைய நகரின் சந்து ஒன்றில் இருந்தது. அரசர் மெங்ராய் 1296இல் கட்டிய நகரம் இது. சதுரமான அகழி, பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விடுதி என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஒரு பாட்டியின் மரவீடு, மாடியில் நான்கு அறை. எல்லோரும் அவரை 'மே உய்' என்றார்கள். வடக்கத்திப் பேச்சில் பாட்டி என்று அர்த்தம். ஆங்கிலம் தெரிந்தது அவருடைய பேத்திக்கு மட்டும்தான்.

பையை வைத்ததும் வைக்காததுமாக மருமகன் ஆரம்பித்தான். "மாமா, தெருமுனையில ஸ்கூட்டர் வாடகைக்குத் தர்றாங்க. லைசென்ஸ்கூடக் கேக்கல."

"கேக்காததுதாண்டா பயமா இருக்கு."

அவனிடம் நம்மூர் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அது அங்கே செல்லாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச அனுமதியும் வேண்டும், அதிலும் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்து கை கால் உடைந்தால் பயணக் காப்பீடு கையை விரித்துவிடும். கடைக்காரர் கேட்காமல் இருப்பது அவர் வியாபாரம். போலீஸ் கேட்கும், மருத்துவமனை கேட்கும், காப்பீட்டு நிறுவனம் கட்டாயம் கேட்கும்.

இன்னொன்றும் அவனுக்குச் சொன்னேன். பண்டிகையை ஒட்டிய ஒரு வாரத்தைத் தாய்லாந்து அரசே 'ஏழு அபாய நாட்கள்' என்றுதான் அழைக்கிறது. அந்த ஆண்டு 11 முதல் 17 வரை. ஒவ்வொரு நாளும் எத்தனை விபத்து, எத்தனை சாவு என்று கணக்குப் போட்டு அறிவிப்பார்கள். காரணங்கள் ஆண்டுதோறும் அதேதான்: வேகம், குடி. அடிபடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள். ரோடு முழுக்க ஈரம், பாதிப் பேர் ஹெல்மெட் போடுவதில்லை, எந்த மூலையிலிருந்து வாளி வரும் என்று தெரியாது. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டான். அந்த ஐந்து நாளும் நடந்தே சுற்றினோம். தூரமாகப் போக 'ரோத் தேங்' என்கிற சிவப்பு ஷேர் வண்டி இருந்தது. அதில் பின்பக்கம் ஓரத்தில் உட்கார்ந்தால் நனைவோம், உள்ளே தள்ளி உட்கார்ந்தாலும் நனைவோம்.

அன்று மத்தியானம் தா பே சாலையில் ஊர்வலம். வாட் பிரா சிங் கோயிலின் பிரா புத்த சிஹிங் சிலையை ரதத்தில் வைத்து நகருக்குள் கொண்டுவருகிறார்கள். இலங்கையிலிருந்து வந்த திருவுருவம் என்பது அவர்கள் ஐதீகம். இரண்டு பக்கமும் ஜனங்கள் கிண்ணங்களோடு காத்திருந்தார்கள். ரதம் நெருங்கியதும் வாசனைத் தண்ணீரைத் தெளித்தார்கள். நான் பார்த்தவரை தலைக்குக் குறிவைத்து ஒருவரும் ஊற்றவில்லை, தோளுக்கும் உடம்புக்கும்தான். அந்த நாட்டில் தலை புனிதம், கால் தாழ்ந்தது. மனிதர் தலையைத் தொடுவதே மரியாதைக் குறைவு. அப்படியிருக்க புத்தர் தலையில் வாளியைக் கவிழ்ப்பதா? கோயிலுக்குள் உட்காரும்போது பாதம் சிலையை நோக்கி நீளக் கூடாது, மடக்கிக்கொள்ள வேண்டும். ஈர பனியனோடும் அரைக்கால் சட்டையோடும் உள்ளே போன வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கோயில் ஆள் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினார். நாங்கள் மாற்றுத்துணியைப் பையில் கட்டிக்கொண்டு போயிருந்ததால் தப்பித்தோம்.

கோயில் முற்றத்தில் மணல் கோபுரங்கள். பக்கத்தில் ஓடும் பிங் ஆற்று மணலைச் சுமந்துவந்து குவித்து, காகிதக் கொடிகள் குத்தி வைத்திருந்தார்கள். வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வந்துபோகும்போது கால்களில் ஒட்டிக்கொண்டு வெளியே போன மண்ணைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். எனக்கு இந்தப் பண்டிகையிலேயே மிகவும் பிடித்தது இந்தக் கணக்குத்தான். மருமகனுக்கும் ஒரு கொடி வாங்கிக் கொடுத்தேன். செல்ஃபி எடுத்த பிறகு குத்தினான்.

பிறகு அகழி. அதைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? நான்கு பக்கமும் சேர்த்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே தண்ணீர்ச் சண்டை. பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தில் பீப்பாய், அதைச் சுற்றி ஒரு குடும்பம். பாட்டி முதல் பேத்தி வரை கையில் வாளி. வண்டிகள் நடை வேகத்தில்கூட நகரவில்லை. ரோட்டோரத்தில் பாறை போல ஐஸ் கட்டி விற்றார்கள். வாங்கிப் பீப்பாயில் போட்டுக்கொள்கிறார்கள். வெயில் 40 டிகிரியை ஒட்டி. காட்டுத்தீயும் வயல் எரிப்பும் சேர்ந்த புகையில் மேற்கே இருக்கும் டோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கில் இதே நிலைமைதான். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் பண்டிகைக்கு சியாங் மாய்க்குப் பதிலாகத் தெற்கே எங்காவது போவது உத்தமம்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது மெதுவாகத்தான் கண்ணில் பட்டது. காவி கட்டிய பிக்கு ஒருவர் நடந்துவந்தார். அவர் வரும் வழியில் வாளிகள் தாமாகவே தாழ்ந்தன. கைக்குழந்தைக்காரிகளுக்கு வழி விட்டார்கள். நூடுல்ஸ் கடை அடுப்பின் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை. வயதானவர் என்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார்கள். கையை மார்புக்கு முன்னால் ஆட்டி வேண்டாம் என்றால் விட்டுவிட்டார்கள், எல்லோரும் இல்லை, பெரும்பாலோர். பொழுது சாய்ந்ததும் பீப்பாய்களைக் கவிழ்த்து வைத்தார்கள். இருட்டிய பிறகும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான். சாப்பிடக் கிளம்பி, உலர்ந்த சட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் பீய்ச்சிவிட்டு அவர்கள் சிரித்ததைப் பார்க்க எனக்கே கூசியது.

துப்பாக்கி என்றதும் ஞாபகம் வருகிறது. பி.வி.சி. குழாயில் செய்த, அழுத்தம் அதிகமுள்ள பீய்ச்சாங்குழல்களுக்கு அங்கே பல ஊர்களில் தடை. கண்ணில் பட்டால் கண் போய்விடும். எங்கள் மதுரையிலும் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோல்பையை விட்டுப் பிரஷர் பம்பைத் தூக்கிக்கொண்டதும் கட்டுப்பாடு வந்தது. சித்திரையும் தண்ணீரும் ஊர்தோறும் ஒரே வம்பைத்தான் கொண்டுவருகின்றன.

தண்ணீர் தவிர இன்னொரு சங்கதி, வெள்ளை மாவு. தின்சொ பொங் என்று ஒரு வெண்மண். குழைத்துக் கன்னத்தில் பூசுகிறார்கள். முன்பெல்லாம் உடம்புச் சூட்டுக்குப் பூசிக்கொண்டது. இதைச் சாக்காக வைத்து முன்பின் தெரியாத பெண்களின் முகத்தையும் உடம்பையும் தொடுகிற ஆண்கள் அங்கே உண்டு, அதனாலேயே பல இடங்களில் மாவுக்கு அனுமதி இல்லை. 2018இல் அதிகாரிகள், பெண்கள் சொங்க்ரானுக்குக் கவர்ச்சியாக உடுத்த வேண்டாம் என்று புத்தி சொல்ல, சின்டி பிஷப் என்ற மாடல் அழகி கொதித்துப்போய், நான் என்ன உடுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லாதே என இணையத்தில் ஒரு இயக்கமே தொடங்கிவிட்டார். உடையைப் பற்றிப் பேசுகிறீர்களே, கையைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதுதான் அவர் கேள்வி. நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அகழிக்கரையில் நான்கைந்து இந்திய இளைஞர்கள், நனைந்த பெண்களைச் சுற்றி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து போனார்கள். அந்த நாட்டில் எல்லாச் சிரிப்பும் சம்மதம் இல்லை. இதை மருமகனிடம் சொன்னபோது, "தெரியும் மாமா" என்றான் கொஞ்சம் கோபமாக.

மறுநாள் 14ஆம் தேதி. அம்மாவுக்குப் போன் போட்டுப் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னோம். மாங்காய்ப் பச்சடி ஞாபகத்தோடு ஒட்டுச் சோறும் மாம்பழமும் சாப்பிட்டோம். பிறகு அகழியின் வடமேற்கு மூலை. பக்கத்து வண்டிக் குடும்பம் எங்களைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு வாளி கொடுத்தது. மருமகன் அன்றைக்கு ராஜா.

நடந்தது இரண்டே நொடி. இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. ஓட்டிவந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், முன்னால் ஏதோ மூட்டை. வேகம் ஒன்றும் இல்லை. மருமகன் ஐஸ் தண்ணீரை நேராக முகத்தில் அடித்தான். மனிதர் கண்ணை மூடினார், கை தானாகப் பிரேக்கை அழுத்தியது, ஈர ரோட்டில் முன்சக்கரம் வழுக்கியது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். மூட்டை அவிழ்ந்து, வாழையிலைப் பொட்டலங்கள் தண்ணீரில் மிதந்தன.

ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. மருமகனுக்கு நாக்கு எழவில்லை. கையைக் கூப்பியபடி தமிழிலேயே "ஸாரிண்ணே, ஸாரிண்ணே" என்றான். அந்த மனிதர் அவனைப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டார், வண்டியை நிமிர்த்தினார், போய்விட்டார். பக்கத்து வண்டிக் குடும்பமும் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அந்தக் குடும்பத் தலைவர் எங்கள் வாளியிலிருந்த ஐஸை எடுத்து வெளியே போட்டார். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் மேல் உள்ளூர்க்காரர்கள் ஊற்றுவதே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஊற்றுகிறார்கள். ஆனால் வண்டி நின்ற பிறகு, முதுகில், ஒரு கிண்ணம். ஓடும் வண்டியின் முகத்தில் அடிப்பவனை அவர்களும் முறைக்கிறார்கள்.

சாயங்காலம் மே உய்யின் திண்ணையில் பேத்தியிடம் நடந்ததைச் சொன்னான். "அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை," என்றான் ஆங்கிலத்தில். அவள் பாட்டிக்கு மொழிபெயர்த்தாள். பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். பேத்தி சொன்னாள்: "இன்றைக்கு வன் நாவ். எங்கள் பக்கம் இந்த நாளில் யாரையும் திட்டக் கூடாது, சண்டை போடக் கூடாது. திட்டினால் வருஷம் முழுக்க வாய் அழுகிப்போகும் என்பார்கள். அவர் உங்களை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். நாளைக்குத் திட்டலாம் என்று வைத்திருப்பார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை. பாட்டி மறுபடி ஏதோ சொன்னார். "நாளைக்குக் காலையில் குளித்துவிட்டுக் கீழே வரச் சொல்கிறார். உலர்ந்த, நல்ல சட்டை போட்டுக்கொண்டு."

15ஆம் தேதி அவர்களுக்கு பாயா வன், நாட்களுக்கெல்லாம் தலையான நாள். கீழே கூடத்தில் பாய் விரித்து, பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தெருவிலிருந்து நாலு பேர், கடைசியில் நாங்கள் இருவர். எல்லோரும் தரையில், கால்களைப் பின்னுக்கு மடக்கி. தட்டில் பூ, மெழுகுவத்தி, பழம், புதுத்துணி. நடுவில் வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் கலந்த தண்ணீர், அதில் சுட்டு ஒடித்துப் போட்ட காய்கள். அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. ஒரு காயை எடுத்துக் காட்டச் சொன்னேன். சீயக்காய்.

அங்கே அதன் பெயர் சொம் பொய். தமிழில் எழுதினால்தான் பொய் என்று வருகிறது. காய் மெய்யாகவே நம் சனிக்கிழமைச் சீயக்காய். சடங்கின் பெயர் 'தம் ஹுவா', அதாவது தலை அலசுவது. ஒரு காலத்தில் பெரியவர்களின் தலையையே அலசிவிட்டிருப்பார்கள். இப்போது இளையவர்கள் கிண்ணத்தை நீட்ட, பாட்டி விரல்களை நனைத்துத் தன் கூந்தலில் தடவிக்கொள்கிறார். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவருடைய உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றும்போது ஒரு வாசகம் சொல்கிறார்கள். அதற்கு 'சூமா காரவா' என்று பெயர். பேத்தி விளக்க விளக்க எனக்குச் சொற்கள் பிடிபட்டன. க்ஷமையும் கௌரவமும். போன வருஷம் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது.

அந்த ரயில் நிலைய அம்மாள் சொன்ன 'கொ அனுயாத்' என்ன என்று அப்போதுதான் கேட்டேன். அனுமதி கேட்கிறேன் என்று பொருளாம். நம் கோயில்களில் பூஜை தொடங்கும் முன் வாங்குகிறார்களே அனுக்ஞை, அதன் தாயாதி.

மருமகன் முறை வந்தது. பாட்டி கையில் தண்ணீர் ஊற்றினான். வாசகம் தெரியாததால் சும்மா குனிந்திருந்தான். பாட்டி ஈரக்கையால் அவன் தோளைத் தட்டி நீளமாக ஏதோ சொல்லி, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். என்ன சொன்னார் என்று பேத்தியைக் கேட்டான். உடம்பு நன்றாக இருக்கட்டும், பணம் சேரட்டும், ரோட்டைப் பார்த்து நடக்கட்டும் என்றாராம்.

அன்று மாலை மீண்டும் அகழிக்குப் போனோம். ஐஸ் இல்லாமல், வாளி இல்லாமல், கடையில் இருபது பாத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணத்தோடு. அந்த ஸ்கூட்டர்காரர் மறுபடி கண்ணில் படவில்லை. மருமகன் அவரைத் தேடினான் என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். மூன்றாம் நாள் இரவு அவனுக்கு ஒரு கண் சிவந்து, பீளை தள்ளியது. அகழித் தண்ணீர். திருவிழாவுக்கு முன் நகராட்சி சுத்தம் செய்தாலும், அத்தனை பேர் மொண்டு ஊற்றி, அது சாக்கடையோரம் ஓடித் திரும்ப விழுந்தால் என்ன மிஞ்சும்? மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் சரியானது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்த மூன்று நாள் கண்ணாடிக்கு மாறிவிடலாம். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகலாம். பாஸ்போர்ட்டை அறைப் பெட்டியில் பூட்டிவிட்டு நகலை வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறையில் போனும் கொஞ்சம் பணமும் போதும். அந்த உறைக்குள் முதலில் ஒரு காகிதத் துண்டை வைத்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள், நான் பார்க்காமல் போனதில் ஒரு போன் போயிற்று. செருப்பு, பிடிப்புள்ள வார்ச் செருப்பாக இருக்கட்டும்.

18ஆம் தேதி ஊர் திரும்பும்போது விமான நிலையத் தொலைக்காட்சியில் ஏழு நாள் கணக்கு ஓடியது. இறந்தவர்கள் 287 பேர்.

சித்திரைக்கு அங்கே போகிறவர்கள் இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155. கூடவே 'கொ அனுயாத்' என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆணானால் கடைசியில் 'க்ரப்' சேர்க்க வேண்டும், பெண்ணானால் 'கா'.